சட்டைப் பையில் விசில்

— என்னங்க, உங்க சட்டைப் பை விசில் அடிக்குது.

— என்னது?

— விசில். சட்டைப் பை. கைய விட்டுப் பாருங்க.

— எனக்கு ஒண்ணும் கேக்கலையே.

— கேக்கணும்னா அது காதுல இருக்கணும். பையில கிடந்து கத்துது. பக்கத்து வீட்டம்மா தன் வீட்டு அடுப்பை ரெண்டு தடவை போய்ப் பாத்துட்டு வந்துட்டாங்க.

— கொஞ்சம் உரக்கப் பேசேன்.

— இதுக்கு மேல உரக்கப் பேசணும்னா மேடை போட்டுத்தான் பேசணும். இப்படி வந்து உக்காருங்க. சிவப்புப் புள்ளி வலது, நீலப் புள்ளி இடது. உங்க காது அளவுக்கு வார்த்த இந்த அச்சைக் காதுக்குள்ள வச்சு லேசாத் திருகி உக்கார வைக்கணும். சந்து விட்டா அதுவே கத்தும். ம், இப்ப நின்னுடுச்சு. கேக்குதா?

— கத்தாதே. கேக்குது.

— அப்பாடா. 'கத்தாதே'ன்னு நீங்க சொல்லி எத்தனை வருஷமாச்சு.

— அது கிடக்கட்டும். அஞ்சு மணிக்குப் பெயின்ட் கடைக்காரர் இடத்தை வாங்க வர்றார். ஒர்க்‌ஷாப் சாவியை எடுத்து மேஜை மேல வை.

— வைக்கிறேன், வைக்கிறேன். தலையை இந்தப் பக்கம் திருப்புங்க. என்னங்க இது, காது மிஷின்ல பெட்ரோல் வாடை?

— துடைச்சேன்.

— பெட்ரோல்லயா?

— துணியில ஒரு சொட்டுதான். அழுக்கா இருந்துச்சு. அப்புறம் லேசாக் காத்தடிச்சேன்.

— எதால?

— எதால அடிப்பாங்க? கம்ப்ரஸரால.

— அட கடவுளே. இது கார்புரேட்டர் இல்லீங்க. காதுக்குப் பின்னாடி உக்காருற மிஷினை உலர்ந்த துணியால துடைச்சாப் போதும். காதுக்குள்ள போற அச்சை மட்டும் தனியாக் கழட்டி சோப்புத் தண்ணியில கழுவணும். குழாய்ல ஈரம் நிக்காம ஊத ஒரு ரப்பர் பந்து குடுத்திருக்காங்க. அது எங்க?

— பேரன் பந்துன்னு எடுத்துட்டுப் போயிட்டான்.

— நல்லா இருக்கு.

— எனக்கே பாடமா? வாழ்க்கை பூரா மிஷின் பாத்தவன் நான்.

— அதான் பயமா இருக்கு. அட்டையில இருந்த பேட்டரிக்கெல்லாம் மொத்தமா ஸ்டிக்கரை உரிச்சு வச்சவர் யாரு?

— அவசரத்துக்குத் தயாரா இருக்கட்டுமேன்னு உரிச்சேன்.

— உரிச்சுட்டாக் காத்துப் பட்டு அதுபாட்டுக்குச் செலவாகுமாம். நீங்க ஒண்ணைப் போட்டு முடிக்கறதுக்குள்ள மத்ததெல்லாம் அட்டையிலேயே செத்துக் கிடந்துச்சு. ராத்திரி கழட்டினா பேட்டரி மூடியைத் திறந்து, ஈரம் உறிஞ்சுற டப்பாவுல வைங்கன்னு சொன்னாங்க. நீங்க ஆணி டப்பாவுல வைக்கிறீங்க.

— அதுவும் டப்பாதானே. சரி, இனிமே இது எதுக்கு? ஒர்க்‌ஷாப்பே போகப்போகுது. வீட்ல உக்காந்து டிவி பாக்க இவ்வளவு சடங்கா?

— நெஜமாக் கேக்குறேன். ஒர்க்‌ஷாப்பை ஏன் விக்கிறீங்க?

— அது கிடக்கட்டும்.

— கிடந்தது போதும், எந்திரிச்சு வரட்டும். சொல்லுங்க.

— இதைப் போட்டா மனுஷன் பேசுறது கேக்குது. என்ஜின் பேசுறது கேக்கல. முதல் நாள் மாட்டிக்கிட்டு ஆசையா பானட்டுக்குள்ள தலையை விட்டேன். பக்கத்துல நிக்கிற கஸ்டமர் செருமுறது கேக்குது. என்ஜின் மட்டும் எங்கயோ அடுத்த தெருவுல ஓடுற மாதிரி இருக்கு. சத்தத்தை வச்சு வைத்தியம் பாத்தவன் நான். சத்தமே இல்லேன்னா அங்க எனக்கு என்ன வேலை? நாற்காலி போட்டு ஈ ஓட்டவா?

— இதை ஏன் என்கிட்ட சொல்லல?

— சொன்னா நீ பாவம் பாப்ப. எனக்கு அது பிடிக்காது.

— நீங்க சொல்லலைன்னாலும் எனக்குத் தெரியும், முதல் நாளுக்கு அப்புறம் நீங்க வண்டி பக்கமே போகலியே. நேத்து நீங்க தூங்கும்போது மிஷினை எடுத்துக்கிட்டு அந்தப் பொண்ணுகிட்டப் போனேன்.

— எந்தப் பொண்ணு?

— உங்க காதைச் சோதிச்சு மிஷின் மாட்டினாளே, அவ. இது இரைச்சல் கேட்டாத் தானா அமுக்கிடுமாம். ரோட்டு இரைச்சல், ஃபேன் இரைச்சல் எல்லாம். அதுக்கு உங்க என்ஜினும் இரைச்சல்தான். 'மெக்கானிக்குன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே அம்மா'ன்னா. என்ன வேலைன்னு அவ கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்க?

— பிசினஸ்னு சொன்னேன்.

— பிசினஸ். கோட்டு போட்ட துரை. இப்ப ரெண்டாவது செட்டிங்னு ஒண்ணு வச்சுக் குடுத்திருக்கா. அதுல எதையும் அமுக்காது. காதுக்குப் பின்னாடி இருக்குற பொத்தானை அழுத்துங்க. ரெண்டு பீப் கேட்டா, என்ஜின் உங்களுது.

— பொத்தானை அழுத்தினா போன காது வந்துடுமா?

— அழுத்தித்தான் பாருங்களேன்.

— பாக்குறேன். அதுவும் கேக்காது. உன் தம்பி பக்கத்துல நின்னு சிரிப்பான். ஒரு தடவை சிரிச்சது போதும்.

— எப்ப சிரிச்சான்?

— அது கிடக்கட்டும். தோள்ல என்ன மாட்டுற?

— மைக். மிஷின் பெட்டியிலேயே இருந்துச்சு, நீங்க தொடக்கூட இல்ல. இதைக் குத்திக்கிட்டு நான் சமையக்கட்டுல முணுமுணுத்தாலும் நேரா உங்க காதுக்கு வந்துடும். அன்னைக்கு 'பாம்பு பாம்பு'ன்னு கத்தறேன், நீங்க 'மூடி வை, அப்புறம் சாப்பிடுறேன்'ங்கறீங்க.

— ஆக, என் காதுக்குள்ளயே குடி வர்ற.

— இத்தனை நாளும் வாசல்லயே நிக்க வச்சிருந்தீங்கள்ல.

— வேலை முடிஞ்சதும் மறக்காம அணைச்சிடு. சார்ஜ் வீணாப் போகும்.

— ம், ம். பெல் அடிக்குது பாருங்க. தம்பிதான்.

— கேக்குது, கேக்குது. வா மாப்ளே.

— என்ன மாமா, ரெண்டு காதுலயும் டவர் வச்சிருக்கீங்க? சிக்னல் கிடைக்குதா?

— கிடைக்குது. வேண்டாத ஸ்டேஷனெல்லாம் கிடைக்குது.

— பெயின்ட் கடைக்காரர் வந்துடுவாரு. கையெழுத்துப் போடப் பேனா இருக்கா, நான் தரட்டுமா?

— உனக்குச் சந்தோஷமா இருக்கும்ல?

— பின்னே? இனிமே ஒரு தடவை சொன்னா ஒரு தடவையிலயே கேக்குற முதலாளியாப் பாத்துச் சேந்துக்கலாம்ல.

— டேய், வந்ததும் வராததுமா அவர் வாயைக் கிளறாதே. உள்ள வா. வெங்காயம் உரிச்சுக் குடு.

— என்னக்கா இது, ஒரு கூடை இருக்கு. யாராவது வர்றாங்களா?

— உரிடா, சொல்றேன். அங்க எதுக்கு மூலையில போற? இப்படி என் பக்கத்துல உக்காரு.

— சரி, சரி.

— வாசல்ல என்ன கார்?

— கஸ்டமர் வண்டி. நிக்கும்போது கிணுகிணுன்னு ஒரு சத்தம். ஓட ஆரம்பிச்சா இல்ல. நாலு நாளா உயிரை வாங்குது. பசங்க என்ஜினைப் பாதி பிரிச்சு, திரும்ப மாட்டிட்டாங்க. அப்பவும் கிணுகிணு.

— மாமாகிட்டக் காட்டறதுதானே?

— எப்படிக்கா காட்டுறது? 'எனக்குக் கேக்கல'ன்னு அவர் வாயால சொல்ல வைக்கவா? போன மாசம் பட்டது போதாதா.

— போன மாசம் என்ன?

— அவர் உன்கிட்டச் சொல்லலியா?

— அவர் எதைச் சொல்லியிருக்கார்? நீ சொல்லு.

— ஒரு வண்டியை 'சரியாயிடுச்சு, எடுத்துட்டுப் போங்க'ன்னார். பெல்ட் கீச்சு கீச்சுன்னு கத்திக்கிட்டு இருக்கு. எங்க எல்லாருக்கும் கேக்குது. அவருக்கு மட்டும் கேக்கல. கஸ்டமர் அவர் முகத்தையே பாக்குறான். அவர் எங்க முகத்தைப் பாக்குறார்.

— நீ என்ன பண்ணின?

— சிரிச்சேன்.

— சிரிச்சியா?

— மெதுவாப் பேசுக்கா, மாமா ஹால்ல இருக்கார்.

— மெதுவாத்தான் பேசறேன். ஏன்டா சிரிச்ச?

— பயம் வந்தா எனக்குச் சிரிப்பு வரும்னு உனக்குத் தெரியாதா? அப்பா மாடிப்படியில விழுந்தப்பவும் நான் சிரிச்சேன், நீ அறைஞ்ச. ஞாபகம் இல்லியா? மாமாவுக்குக் காது போச்சுன்னு அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது. இனிமே யாரைக் கேப்பேன்னு பதறிட்டேன். வெளியில வந்தது என்னமோ சிரிப்பு. அவர் ஸ்பேனரைக் கீழ வச்சுட்டுப் போயிட்டார். மறுநாளே பெயின்ட் கடைக்காரரை வரச் சொல்லிட்டார்.

— இதை அவர்கிட்டச் சொல்றதுக்கென்ன?

— எங்களுக்குள்ள அப்படிப் பேசிப் பழக்கம் உண்டா? அவர் என்னைத் 'தண்டம்'பார். நான் அவரைக் 'கிழட்டு என்ஜின்'பேன். கல்யாணத்துல மாப்பிள்ளையா வந்து நின்ன நாள்லேருந்து இந்த ரெண்டு வார்த்தையிலதான் வண்டி ஓடுது. திடீர்னு போய் 'மாமா, மன்னிச்சிடுங்க'ன்னா, எனக்கு ஏதோ வியாதின்னு நினைச்சுடுவார்.

— அவர் வித்துட்டா, நீ தனியா ஒர்க்‌ஷாப் போடலாம்னு இருக்கியாமே.

— யாரு சொன்னா?

— நாலு பேர் பேசிக்கிறாங்க.

— அந்த நாலு பேருக்கும் வேற வேலை இல்ல. நான் எந்த பானட்டைத் திறந்தாலும் மண்டைக்குள்ள மாமா குரல்தான் கேக்கும். 'அவசரப்படாதே தண்டம், முதல்ல கேளு.' அந்தக் குரல் பக்கத்துல இல்லாம ஸ்பேனரைத் தொட மனசு வரல. அவர் வித்தா நான் பஸ் ஓட்டப் போயிடுவேன்.

— பஸ்ஸா?

— பெல் அடிச்சா நிறுத்தணும், பெல் அடிச்சா எடுக்கணும். நிம்மதியான வேலை.

— சரிடா, நான் ஒண்ணு கேக்குறேன். இந்த மிஷின் போட்டும் அவருக்கு என்ஜின் சத்தம் பழையபடி கேக்கலேன்னா?

— கேக்கலேன்னா என்ன இப்ப?

— என்ன சொல்ற? குனிஞ்சுக்கிட்டே பேசாதே. வெங்காயத்துக்கா சொல்ற?

— கேக்கலேன்னா என்ன குறைஞ்சு போச்சுங்கறேன். கேக்குறதுக்கு நாங்க அத்தனை பேர் காதோட நிக்கிறோம். சத்தத்தை நான் வாயாலயே செஞ்சு காட்டுறேன், கீச்சுன்னா கீச்சு, கிணுகிணுன்னா கிணுகிணு. அது என்னன்னு சொல்றதுக்கு அவர் ஒருத்தர்தானே இருக்கார்? அவரை அனுப்பிட்டு அந்த ஷெட்டுல பெயின்ட் டப்பாவா அடுக்குவாங்க?

— அழறியா?

— வெங்காயம்க்கா.

— ஆமா. வெங்காயம்தான்.

— ஏய் தண்டம்.

— மாமா. நீங்க எப்ப வந்து நின்னீங்க?

— இப்பத்தான். வண்டிச் சாவியைக் குடு.

— எந்த வண்டி?

— நிக்கும்போது கிணுகிணுங்குதாமே, அந்த வண்டி.

— அது உங்களுக்கு எப்படி...

— சாவி.

— இந்தாங்க.

— ஏம்மா, ரெண்டு பீப்புன்னுதானே சொன்ன?

— ரெண்டு பீப்.

— அக்கா, மாமா நேரா வண்டிக்குப் போறார்.

— போகட்டும். ஜன்னல்கிட்டப் போய்ப் பாரு, என்ன பண்றார்னு சொல்லு.

— ஸ்டார்ட் பண்ணிட்டார். காதுக்குப் பின்னாடி கைய வச்சு என்னமோ நோண்டறார். பானட்டைத் திறக்கறார். தலையை உள்ள விட்டுட்டார்.

— அப்புறம்?

— அப்படியே நிக்கிறார். ஏன்க்கா, தலையைத் தூக்கவே மாட்டேங்கறார்? கேக்கலையோ? நான் போய்ச் சத்தத்தைச் செஞ்சு காட்டட்டுமா?

— அவசரப்படாதே தண்டம்.

— கண்ணை மூடிட்டார்.

— அப்பக் கேக்குது. என்ஜின் பேசுனா அவர் கண்ணை மூடிக்குவார். நான் பேசுனாத்தான் முழிச்சுக்கிட்டு இருப்பார்.

— கீழ குனியறார். அக்கா, படுத்துட்டார். நல்ல சட்டையோட வண்டிக்கு அடியில போறார்.

— போகட்டும், துவைக்கிறது நான்தானே.

— மாப்ளே, இங்க வா. என்ஜின்ல ஒரு கோளாறும் இல்ல. சைலன்சருக்கு மேல இருக்குற தகடு. ஒரு போல்ட் லூஸ். அதுதான் நின்னா நடுங்குது, கிணுகிணுங்குது. ஒரு போல்ட்டுக்காக என்ஜினையே பிரிச்ச தண்டம் உலகத்துல நீ ஒருத்தன்தான்.

— இதோ வர்றேன், கிழட்டு என்ஜின்.

— வரும்போது பெயின்ட் கடைக்காரருக்குப் போனைப் போடு. டப்பா அடுக்க வேற இடம் பாத்துக்கச் சொல்லு. பஸ் ஓட்டப் போறானாம், பஸ்ஸு. பெல் அடிச்சா சிரிப்ப நீ.

— அக்கா.

— என்னடா?

— பஸ் விஷயத்தை நான் உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்?

— ஆமா.

— உன் தோள்ல பச்சையா மினுக்குதே, அது என்ன?

— மைக். நான் பேசுறது மாமா காதுக்குப் போகும். பக்கத்துல உக்காந்து யார் பேசினாலும் போகும்.

— போச்சு. நான் சிரிச்சது, அழுதது, எல்லாத்தையும் கேட்டிருக்கார். அணைக்க மறந்துட்டியேக்கா.

— மறந்தேனா? எங்க ரெண்டு பேர் சமையலுக்கு ரெண்டு வெங்காயம் போதும்டா. உன்னைத் தோளோட தோளா உக்கார வச்சு, ஒரு கூடை எதுக்கு உரிக்க வச்சேன்?