பூமி பேசுகிறேன்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். எஸ்டேட் ஆபீஸில் இருபத்திரண்டு வருஷம் கிளார்க்காக இருந்தவள் நான். மேலிடத்துக்குப் போகிற கடிதங்களை மேனேஜர் என்னிடம்தான் எழுதி வாங்குவார். அதனால்தான் ஸ்டேஷன் ரைட்டர் எழுத வேண்டாம், நானே எழுதித் தருகிறேன் என்று உங்களிடம் கேட்டுக்கொண்டேன், மேடம்.

என் பெயர் வேலாமணி. வயது ஐம்பத்தொன்று. குந்தாவைத் தாண்டி, பஸ் திரும்பிப் போகிற இடத்துக்கும் அப்பால் இருக்கும் அந்த டீ ஃபேக்டரி மூடி ஆறு வருஷம் ஆகிறது. தொழிலாளிகள் இருந்த லைன் வீடுகள் எல்லாம் காலி. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள என்னை மட்டும் குவார்ட்டர்ஸில் இருக்கச் சொன்னார்கள். வீட்டுக்காரர் லிங்கசாமி திருப்பூரில் இருக்கிறார். மகள் வர்ஷா சென்னையில். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். சாப்பிட்டாயா என்பாள், சாப்பிட்டேன் என்பேன். குடும்ப விவரம் என்று ஒரு பத்தி இருக்க வேண்டுமே என்பதற்காக இதை எழுதுகிறேன், வேறொன்றுமில்லை.

இந்த வருஷ ஆரம்பத்தில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். அவர்களுடைய மேனேஜர் பவுல்ராஜ். செவ்வாய்க்குப் போகிற விண்கலத்தில் ஆட்கள் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடக்க வேண்டும். அப்போது மனசும் உடம்பும் என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ள, தரையிலேயே ஒரு கலம் கட்டி, அதில் ஆட்களை விட்டுப் பார்ப்பார்களாம். அதற்கு எங்கள் ஸ்டோர் அவருக்குப் பிடித்துப்போனது. டீத்தூள் மூட்டை அடுக்கிவைத்த அறை. ஈரம் ஏறக் கூடாதென்று ஜன்னலே வைக்காமல் கருங்கல்லில் கட்டியது. அதற்குள் வெள்ளைப் பலகை அடித்து, மூன்று கட்டில், சமைக்க ஒரு மேடை, மிதிக்க ஒரு சைக்கிள், காற்றுக்கு ஒரு ஃபேன் எல்லாம் வைத்தார்கள். புதிதாக ஒரு வெள்ளைக் கதவும் போட்டார்கள். உள்ளே இருப்பவர்கள் ஒரு தள்ளு தள்ளினால் திறந்துவிடும். அதற்கு வெளியே இருந்த பழைய இரும்புக் கதவைச் சுவரோடு கொக்கி போட்டு மாட்டினார்கள். அதை ஒருநாளும் சாத்தக் கூடாது என்று பவுல்ராஜ் என்னிடம் இரண்டு தடவை சொன்னார். சாமான் கொடுக்கப் பக்கச் சுவரில் ஒரு பெட்டி, உள்ளே ஒரு கதவும் வெளியே ஒரு கதவுமாக.

உள்ளே போனவர்கள் மூன்று பேர். கீர்த்திவாசன் தலைவன், முப்பத்தொரு வயது, இன்ஜினியர். மனிஷாவுக்கு இருபத்தாறு, கோயம்புத்தூர்ப் பெண். ஜெனிஸ் ஓவேலிக்காரன், பள்ளிக்கூட வாத்தியார், அதிகம் பேச மாட்டான். தொண்ணூறு நாள் வெளியே வருவதில்லை என்று கையெழுத்துப் போட்டார்கள். போன்களை வாங்கி என் பீரோவில் வைத்தேன்.

வெளியிலிருந்து மைக்கில் அவர்களோடு பேச ஒரு பெண் வந்திருந்தாள். நாலாம் நாள், குளிர் தாங்கவில்லை என்று இறங்கிப் போய்விட்டாள். அடுத்த ஆள் கிடைக்கும்வரை நீங்கள் உட்காருங்கள் என்றார் பவுல்ராஜ். அப்படித்தான் நான் பூமி ஆனேன். அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவ்வளவு தூரத்தில் இருக்கிற கலத்துக்கு ஒரு சொல் போய்ச் சேரப் பத்து நிமிஷம் ஆகும் என்று கணக்கு. எனவே அவர்கள் கேட்டால் நான் பத்து நிமிஷம் கழித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த விதியை நான் ஒருநாளும் மீறவில்லை.

தினமும் காலை ஆறு மணிக்கு மேகம் எப்படி, மழை உண்டா என்று சொல்வேன். வீட்டிலிருந்து வந்த கடிதங்களைப் படிப்பேன். அவர்கள் சொல்வதை டைப் அடித்து வீட்டுக்கு அனுப்புவேன். கீர்த்திவாசன் முதல் வாரத்திலேயே சொன்னான்: "அக்கா, இந்தத் தொண்ணூறு நாளும் எங்களுக்கு உங்க குரல்தானுங்க." மனிஷா தன் கல்யாணப் பேச்சைப் பற்றிச் சொல்வாள். மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று அவள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாள்.

முப்பத்தேழாம் நாள் பவுல்ராஜ் ஜீப்பில் வந்து, உள்ளே இருந்த கேமராக்களின் படம் தெரிகிற திரைகளை வெளியிலிருந்தே கழற்றினார். மேலிடத்தில் இந்தச் சோதனையே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்களாம். "அவுங்க மூஞ்சியப் பாக்க எனக்குத் தெம்பில்லீங்க. நாளைக்குக் காலையில நீங்களே சொல்லி அனுப்பிருங்க, நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க" என்றார். சரிங்க என்றேன்.

மறுநாள் ஆறு மணிக்குச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். "பூமி, காலை வணக்கம். இன்னிக்கு என்ன சேதி?" என்றான் கீர்த்திவாசன். காலையில் மேகம், மத்தியானம் வெயில் வரும் என்று சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது. இரண்டு வருஷம் தயாராகி வந்த பிள்ளைகளை யாரோ ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு பாதியில் இறக்கிவிடுவது நியாயமாகப் படவில்லை. சாப்பாட்டுச் சாமான் தொண்ணூறு நாளுக்கும் இருந்தது. பவுல்ராஜ் போன் பண்ணியபோது, மூன்று பேரும் ஊருக்குப் போய்விட்டார்கள் என்றேன். அவர்கள் வீடுகளுக்கு, முழுநாளும் முடித்துவிட்டே வருவதாகப் பிள்ளைகள் பிடிவாதம் பிடிக்கிறார்கள் என்று எழுதினேன். இரண்டு பக்கமும் சந்தோஷப்பட்டார்கள்.

நாற்பத்தைந்தாம் நாள் ஜெனிஸின் தங்கை ரேகா, அம்மாவுக்கு முடியவில்லை, அண்ணனை உடனே அனுப்புங்கள் என்று எழுதினாள். நாற்பத்தேழாம் நாள் அம்மா இறந்துவிட்டதாக எழுதினாள். இரண்டையும் நான் படித்துக் காட்டவில்லை. சொன்னால் அவன் போய்விடுவான். ஒருவன் போனால் மற்ற இருவரும் இருக்க மாட்டார்கள். அவன் எழுதுவதுபோல ரேகாவுக்கு, என்னால் வர முடியாது, நீயே பார்த்துக்கொள் என்று நான்தான் எழுதினேன். அதுவரை அந்த வீட்டிலிருந்து ரேகா மட்டும்தான் எழுதுவாள். பையன் மனசு வாடக் கூடாதே என்று, அம்மாவே சொல்லி எழுதியதுபோல இரண்டு நாளுக்கொரு கடிதம் வாசித்தேன். அன்புள்ள ஜெனிஸ், நான் சுகம், நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். ஒரு தாய் எழுதக்கூடியதுதான் எல்லாம். என்னையும் ஒருத்தி அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள்.

ஐம்பத்தெட்டாம் நாளைப் பற்றி விவரமாக எழுதச் சொன்னீர்கள். உள்ளே பேசுவதைப் பதிவு செய்ய மேலே ஒரு மைக் இருந்தது. அவர்கள் அதை மறந்துபோயிருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கீர்த்திவாசன் சொன்னது எனக்குக் கேட்டது. அறுபது நாள் ஆனதும் மறுநாள் காலையில் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விடலாம் என்றான். பூமியக்கா வருத்தப்படுமே என்றாள் மனிஷா. அதற்கு அவன், "அந்தம்மாவுக்குப் பேச ஆளில்லீங்க மனிஷா. நம்ம மூணு பேரையும் வெச்சுக் குடித்தனம் பண்ணிட்டு இருக்குது" என்றான்.

மனிஷா சிரித்தாள்.

கீர்த்திவாசன் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆம்பிளைகள் அப்படித்தான் பேசுவார்கள். அவள் சிரித்ததைத்தான் அந்தப் பதிவில் மூன்று தடவை போட்டுக் கேட்டேன். அன்று சாயங்காலம் இரும்புக் கதவின் கீல்களுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டு, சத்தமில்லாமல் சாத்திப் பூட்டினேன்.

அன்று காலையில்தான் மனிஷா, இன்ஹேலர் தீரப்போகிறது, புதிது வேண்டும் என்று கேட்டிருந்தாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். மறுநாள் மஞ்சூருக்கு இறங்கி வாங்கி வந்தேன். மைக் பக்கத்தில் மேஜைமேல் இருந்தது. பெட்டியில் வைக்க மறந்துவிட்டேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை.

அறுபத்தொன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்குக் கீர்த்திவாசன், மூன்று பேரும் வெளியே வருகிறோம் என்று மைக்கில் சொன்னான். வெள்ளைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு இரும்பில் கை மோதுகிற சத்தம். ஒரே நேரத்தில் மூன்று பேரும் கத்தினார்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம் ஆனதும், வெளியே காற்று கிடையாது, இன்னும் இருபத்தொன்பது நாள் இருக்கிறது, வேலையைப் பாருங்கள் என்றேன்.

ஜெனிஸ் மைக்குக்கு வந்தான். அவன் கத்தவில்லை. "அக்கா, எங்கம்மா என்னை ஒருநாளும் ஜெனிஸ்னு கூப்பிட்டதில்ல. மோனேன்னுதான் கூப்பிடும். ரெண்டு வாரமா அந்தக் கடுதாசியக் கேட்டுட்டு, யாராச்சும் எழுதிக் குடுத்திருப்பாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அம்மா இருக்கா?"

அதற்கும் பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டேன். அவன் மைக்கை விட்டு நகரவில்லை. மூச்சு விடுவது கேட்டது. "இல்லப்பா. பதினாலு நாளாச்சு" என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். அவன் நேராகக் கேட்டதால் நேராகச் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவே இல்லை.

சைக்கிளைப் பிரித்து, அதன் இரும்பால் கதவையும் சுவரையும் இடித்தார்கள். பதினோரு மணிவரை இடித்தார்கள். கருங்கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, பலகைகளுக்குப் பின்னால் இருந்த பழைய டீத்தூசுதான் கொட்டியது. மனிஷாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. கீர்த்திவாசனின் குரல் மாறிவிட்டது. கெஞ்சினான். "அக்கா, மருந்த மட்டும் பொட்டியில வெச்சிருங்க. நாங்க எங்கயும் போகலைங்க. போலீஸ் கீலீஸ்னு எதுவும் இல்லைங்க."

மனிஷா சொல்லட்டும் என்றேன்.

அவளை மைக்குக்குத் தூக்கி வந்தார்கள் போலிருந்தது. "இருக்கறோங்க அக்கா," என்றாள். நடுவில் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினாள். "தொண்ணூறு நாளும்."

எனக்கு மனசு இளகிவிட்டது. ஆனாலும் பத்து நிமிஷத்தைக் குறைக்கவில்லை. ஒரு தடவை குறைத்தால் அதுவரை நடந்தது எல்லாமே விளையாட்டு என்று ஆகிவிடும். அது டீ ஸ்டோர்தான் என்று எனக்கு எப்போதும் தெரியும், மேடம். எனக்குப் புத்தி பிசகவில்லை. டாக்டரை வைத்துப் பரிசோதிக்கப் போவதாகச் சொன்னீர்கள், அதற்காக இதை எழுதுகிறேன்.

நேரம் ஆனதும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, இன்ஹேலரையும் சாவியையும் எடுத்துக்கொண்டு போனேன். சாவியையும் எடுத்துக்கொண்டேன் என்பதைக் கவனியுங்கள். பெட்டியின் வெளிக்கதவைத் திறந்தபோது, உள்ளே கீர்த்திவாசன் ஜெனிஸிடம் மெல்லப் பேசுவது கேட்டது. "கைய உள்ள விட்டதும் புடிச்சுக்கோ. சாவி வர்ற வரைக்கும் உடாதே."

அப்போதுதான் அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

வெளிக்கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தேன். இன்ஹேலரை மேஜைமேல் வைத்தேன். அவர்கள் மாறி மாறிக் கூப்பிட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. மனிஷாவின் மூச்சு முதலில் விசில் மாதிரி கேட்டது, பிறகு அது குறைந்தது. மூன்றுக்குக் கால் மணி இருக்கும்போது நின்றது. அதற்குப் பிறகு கீர்த்திவாசன் அழுத சத்தம்தான். எழுந்து போய்விடவில்லை நான். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கடைசிவரை அவள் பக்கத்தில் இருந்தேன். அவளைப் பெற்றவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

மறுநாள் ஆறு மணிக்கு வழக்கம்போல மேகத்தைப் பற்றிச் சொன்னேன். பதில் வரவில்லை.

பதினோரு மணிக்கு ரேகா ஒரு ஜீப்பில் வந்தாள். ஒல்லியான பெண். நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. "அம்மாவ மண்ணுல வெச்சப்பகூட வராத அண்ணனை நான் கண்ணால பாக்கணும். அவன் வாயால கேக்கணும்" என்றாள். உட்காரச் சொன்னேன், டீ போடட்டுமா என்று கேட்டேன். அதற்குள் ஸ்டோருக்குள்ளிருந்து தட்டுகிற சத்தம் அவளுக்குக் கேட்டுவிட்டது. எழுந்து கதவுவரை போனாள். காதை வைத்துக் கேட்டாள். திரும்பி வந்து சாவி எங்கே என்றாள். என் இடுப்பில்தான் இருந்தது. கொடுத்தேன். நான் தடுக்கவில்லை, தள்ளவில்லை. ஜீப் டிரைவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெனிஸ் முதலில் வந்தான். வெளிச்சத்தில் அவனுக்குக் கண் கூசியது. "அண்ணா" என்றாள் ரேகா. அவனை அடிக்க ஓங்கிய கையாலேயே அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் கீர்த்திவாசன் மனிஷாவைத் தூக்கி வந்தான். போர்வையில் சுற்றியிருந்தான். படியில் நான் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு பேரும் என்னைத் தாண்டித்தான் போனார்கள். என்னை நேரில் பார்த்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை எதிர்பார்த்திருக்கக் கூடாதுதான்.

இரும்புக் கதவைப் பூட்டியது நான். கடிதங்களை எழுதியது நான். மருந்தை வைத்துக்கொண்டு கொடுக்காமல் இருந்ததும் நான்தான். இதில் பவுல்ராஜுக்கோ கம்பெனிக்கோ பங்கு இல்லை. யாரும் மிரட்டி எழுதி வாங்கவில்லை.

நேற்று நீங்கள் ஒன்று கேட்டீர்கள். அந்தப் பெட்டிக்குள் மருந்தை வீசிவிட்டாவது வந்திருக்கலாமே, மனிஷா பிழைத்திருப்பாள் இல்லையா என்று. ராத்திரி யோசித்துப் பார்த்தேன், மேடம். பிழைத்திருப்பாள். பிழைத்து, போயிருப்பாள்.