பாராப் பாறை

சத்தியமாகச் சொல்கிறேன், மலைமேல் இருக்கிற கன்னிமார் அறியச் சொல்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யென்றால் எனக்கு மிச்சமிருக்கிற பல்லும் இப்பவே உங்கள் கண்முன்னால் உதிரட்டும். உதிர்ந்ததா? இல்லையே. அப்போ கேளுங்கள்.

முன்னே முன்னே, வெள்ளைக்காரத் துரைகள் ஏலக்காடு போட்ட புதுசில், கம்பத்துக்கு மேற்கே மலையடியில் நாவலூத்துப்பட்டி என்று ஒரு ஊர் இருந்ததாம். அங்கே இறங்குகிற மேகம் இப்போது மாதிரி சோதா மேகம் இல்லையாம். முளைக்குச்சி கிடைக்காத ஒருத்தன் கழுதையை மேகத்திலேயே கட்டிவிட்டுப் போனானாம். வெயில் வந்ததும் கழுதை ஆள் உயரத்திலிருந்து பொத்தென்று விழுந்ததாம். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவணும் என்றால் ஒரு கையால் மேகத்தை விலக்கிப் பிடித்துக்கொள்ளணுமாம்.

அந்த மேகம் கள்ளப்பயல்களுக்குத் தோதாகிப்போனது. ஏலக்காட்டு வேலை முடிந்து இறங்குகிற பெண்களை உள்ளே வைத்து மறிப்பான்களாம். காதில் கிடக்கிற தண்டட்டியைக் கழற்றச் சொல்ல மாட்டான்கள். காதோடு அறுப்பான்கள்.

அதனால் பாதை ஒடுங்குகிற பாறைக்கிட்டே சர்க்கார் ஒரு போலீஸ்காரரைப் பாரா நிறுத்தியதாம். பாரா என்றால் காவல். நின்றவர் பேர் மீரான் ராவுத்தர். துப்பாக்கி கிடையாது. ஒரு லத்திக்கம்பு, தலையில் சிவப்புத் தலைப்பாகை. மேகத்துக்குள் ஆள் தெரியாது, அந்தச் சிவப்பு மட்டும் தெரியுமாம். அடிக்கடி குரல் கொடுப்பாராம்: “பாரா உஷார்… பாரா உஷார்…”

காமுத்தாய் என்று ஒருத்தி. கைப்பிள்ளைக்காரி, பெரிய வாய்க்காரி. பாறையைத் தாண்டும்போதெல்லாம் அவரைச் சீண்டாமல் போகமாட்டாள்.

“என்ன மாமா, கொண்டைச் சேவல் கூவியாச்சா?”

“கூவியாச்சு மருமகளே. முட்டைதான் இன்னும் போடலை.”

“போட்டா எம்புள்ளைக்கு ஒண்ணு எடுத்து வைங்க.”

இப்படிப் போய்க்கொண்டிருந்ததாம். சித்திரைத் திருவிழாவுக்காகப் பெண்களெல்லாம் காட்டைவிட்டு இறங்கினார்களே, அன்றைக்கு உச்சிப்பொழுதிலேயே மேகம் மூடிவிட்டதாம். பாறைக்கிட்டே வந்தார்கள். பின்னால் மேட்டில் ஆம்பளைக் காலடி. ஒன்றா ரெண்டா, திமுதிமுவென்று வருகிறது.

ராவுத்தர் பெண்களை ஒவ்வொருத்தியாய் இடுக்குக்குள் தள்ளிவிட்டாராம். ஒருத்தி பின்னால் ஒருத்திதான் போக முடியும். இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பாதாளம். கடைசியில் காமுத்தாய், மார்பில் பிள்ளையோடு.

“மாமா, நீங்க வரலையா?”

“நான் பாதையை அடைச்சு நிக்கிறேன், நீ போ. என்ன சத்தம் கேட்டாலும் திரும்பாதே. திரும்பினா கால் சறுக்கும், புள்ளையோட போயிருவே. பின்னாடி பாக்கத்தானே என்னை நிறுத்தியிருக்கு? பாரா நான் இருக்கேன். நீ பாராமப் போ.”

போனாள். முன்னால் போகிறவளின் சீலை தெரியவில்லை. தன் கால் தனக்குத் தெரியவில்லை. பாலுக்குள் நடக்கிற மாதிரி இருந்ததாம். பின்னால் கம்பும் கம்பும் மோதின. ஒரு முனகல். அப்புறம் ஒன்றுமில்லை. காமுத்தாய் கழுத்து தானாகத் திரும்பப் போனது.

“பாரா உஷார்.”

கழுத்து நேரானது. நடந்தாள். மறுபடி பயம் வந்தது, மறுபடி குரல் வந்தது. தூரம் ஆக ஆகக் குரல் தேயணுமில்லையா? தேயவில்லையாம். காதோரத்தில், பிள்ளைக்குத் தாலாட்டுகிற மாதிரி மெதுவாக, “பாரா உஷார்… பாரா உஷார்…” பிள்ளை தூங்கியே போய்விட்டது. எவ்வளவு நேரம் நடந்தாளோ, கண் கூசியபோதுதான் வெயிலில் நிற்கிறோம் என்று தெரிந்ததாம். பெண்கள் எல்லோரும் நின்றார்கள். ஒருத்தி காதிலும் ஒரு கீறல் இல்லை.

ஆம்பளைகள் மேலே ஓடினார்கள். ராவுத்தர் இடுக்கில் குறுக்கே கிடந்தாராம், செத்தும் பாதையை அடைத்தபடி. தலைப்பாகை அவிழ்ந்து பாறையில் தொங்கிக்கொண்டிருந்தது.

பின்னால் பிடிபட்ட கள்ளன் ஒருத்தன் சொன்னானாம்: “பொம்பளைங்க பத்தடி போகுமுன்னயே ஆளை முடிச்சிட்டோம். தாண்டப் போனா, குரல் கேக்குது. கீழ கெடக்கிறவரு வாய் அசையலை. பொம்பளைங்க போன பக்கமிருந்து கேக்குது. கையில இருந்த அருவா நழுவிருச்சு சாமி. ஓடிட்டோம்.”

காமுத்தாய் அதற்கப்புறம் சாகிறவரை திரும்பியே பார்த்ததில்லையாம். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் தெருவையே ஒரு சுற்றுச் சுற்றி அவர்கள் முன்னால் வந்து நின்று, “என்ன?” என்பாளாம்.

அந்த இடம்தான் பாராப் பாறை. மேகத்தில் எதுவும் பார்க்க முடியாததால் வந்த பேர் என்று ஒரு வாத்தியார் சொன்னாராம். ஊர்க்காரர்கள் மறுக்கவில்லை. அதுவும் சரிதான், அங்கே நாங்கள் பார்க்கிறதில்லை என்றார்களாம். இன்றைக்கும் இடுக்கைத் தாண்டிய பெண் திரும்பமாட்டாள். கடைசியாகப் போகிறவள் மட்டும், எந்தச் சாதிக்காரியானாலும், “வாறோம் மாமா” என்று முன்னால் பார்த்தே சொல்லிவிட்டுப் போவாள். சித்திரையில் பாறைக்குச் சிவப்புத் துணி சுற்றுவார்கள். ராவுத்தர்மார் வந்து அவர் பேரில் பாத்தியா ஓதி எல்லோருக்கும் சர்க்கரை கொடுப்பார்கள்.

இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று கேட்டால் மட்டும் என் பேரை எடுத்துவிடாதீர்கள். காமுத்தாய் வகையறா அடுத்த தெருவில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாய் இன்னும் குறையவில்லை.