மகனுக்கு வந்த பட்டம்

பாடாலூரில் பெரம்பலூர் பஸ் ஏறினேன். என் முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்சாதியும். கல்லூரி வேன் கவிழ்ந்து இறந்த நான்கு பிள்ளைகளில் ஒருவன் அவர்கள் மகன் என்று பேச்சில் தெரிந்தது. இன்றைக்குப் பட்டமளிப்பு விழாவில் அந்த நால்வருக்கும் பட்டம் கொடுக்கிறார்களாம். பெற்றவர்கள் மேடை ஏறி வாங்க வேண்டும்.

"எனக்குக் கூச்சமா இருக்குங்க. ரெண்டு பேப்பர் அரியர் வெச்சிருந்தானே" என்றாள் அவள்.

"ரெண்டா? எங்கிட்ட ஒண்ணுன்னுல்ல சொன்னான்! அம்மாகிட்ட சொல்லிடாதப்பான்னு கெஞ்சுனான்."

"எங்கிட்ட அப்பாவுக்குத் தெரிய வேணாம்னான், திருட்டுப்பய."

இருவரும் சிரித்துவிட்டார்கள். கொஞ்ச தூரம் போனபின் அவள் கேட்டாள்: "அப்ப பட்டத்த வாங்கலாமா, வேணாமாங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வாங்கிக்குவோம். இருந்திருந்தா ரெண்டையும் எழுதிப் பாஸாயிருப்பான்டி."