உயிரோடிருந்தவருக்கு வாசித்த ஜனாஸா அறிவித்தல்

வாக்குமூலம் அளிப்பவர்: யுகேந்திரன் லக்சாயினி. வயது: 34. தொழில்: அலைமுகம் தொலைக்காட்சியில் அறிவிப்பாளர். வதிவிடம்: கோயில் ஒழுங்கை, உப்புவெளி, திருகோணமலை. விடயம்: கிண்ணியாவைச் சேர்ந்த முகம்மது மஹ்ரூப் (வயது 61) என்பவர் காணாமற்போனமை.

நான் மேற்சொன்ன முகவரியில் எனது ஏழு வயது மகள் தேனுகாவுடன் வசித்து வருகிறேன். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். உட்துறைமுக வீதியில் உள்ள அலைமுகம் தொலைக்காட்சியில் பதினொரு வருடங்களாக வேலை செய்கிறேன். செய்தி, மரண அறிவித்தல், கடற்றொழிலாளருக்கான காலநிலை ஆகியவற்றை வாசிப்பது என் வேலை. காணாமற்போன மஹ்ரூப் நானா (அண்ணன் என்ற முறையில் அப்படித்தான் கூப்பிடுவோம்) எங்களுடைய பழைய முதலாளி. அவரைப் பற்றி விசாரிக்கவே நான் இன்று பொலிஸ் நிலையத்துக்கு அழைக்கப்பட்டுள்ளேன்.

முதலில் அலைமுகம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று சொல்கிறேன். அதைத் தொடங்கியவர் ஞானசேகரம் ஐயா. சமாதான காலத்தில் அவர் வீடியோ கசற் கடை வைத்திருந்தார். கடையிலிருந்து பக்கத்து வீடுகளுக்குக் கம்பி இழுத்துப் படம் போட்டார். அதன் பிறகு கம்பி நீண்டு உப்புவெளிக்கும், பின்னர் கிண்ணியாவுக்கும் போனது. கோயில் திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி எல்லாம் காட்டினார்கள். ஆனால் சனம் உண்மையில் காத்திருந்து பார்த்தது மரண அறிவித்தலைத்தான். ஞானசேகரம் ஐயா ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். யார் செத்தாலும் வீட்டாரிடமும் கிராம சேவகரிடமும் போன் எடுத்து உறுதி செய்யாமல் வாசிக்கக்கூடாது என்பதே அது. அதன் பிறகு அவர் கனடாவுக்குப் பிள்ளைகளிடம் போகும்போது அலைமுகத்தை மஹ்ரூப் நானாவுக்கு விற்றார்.

மஹ்ரூப் நானா கிண்ணியாவில் இரும்புக்கடை வைத்திருந்தவர். தொலைக்காட்சியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவரும் சேர்ந்து சிரிப்பார். அவர் வந்த முதல் வருடம் மூதூரில் ஒரு பெண் மௌத்தானார். நாங்கள் கிராம சேவகரைத் தேடிப் பிடித்து உறுதி செய்து வாசிப்பதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. தோப்பூரில் இருந்த அந்தப் பெண்ணின் சகோதரர்கள் டீவியைப் பார்த்துவிட்டுப் போய், மண் மூடிய பிறகுதான் சேர்ந்தார்கள். மறுநாள் அவர்கள் எங்கள் கந்தோர் வாசலில் வந்து நின்றார்கள். அன்றைக்கு மஹ்ரூப் நானா புதுக் கட்டுப்பாடு போட்டார். ஜனாஸா அறிவித்தல், அதாவது முஸ்லிம் வீட்டு மரண அறிவித்தல், வந்தால் எந்த நிகழ்ச்சி போய்க்கொண்டிருந்தாலும் நிறுத்தி, உறுதி செய்யக் காத்திராமல், உடனே வாசிக்க வேண்டும். மற்ற அறிவித்தல்களைப் பழையபடி உறுதி செய்து இரவு ஏழு மணிக்கு வாசிப்போம். இந்த வித்தியாசம் அலைமுகத்தில் வேலை செய்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அதன் பிறகு நாட்டில் எரிபொருள் இல்லாமல் போன வருடம் வந்தது. கரண்ட் வெட்டும்போது ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை. பாதி நாள் திரை கறுப்பாகவே கிடந்தது. அப்போது கொழும்புக் கம்பனி ஒன்று வந்து பெரும் பங்கை வாங்கியது. ஆனால் அனுமதிப்பத்திரமும் துறைமுகத்தைப் பார்த்த எங்கள் கட்டடமும் மஹ்ரூப் நானாவின் பெயரிலேயே இருந்தன. கம்பனி ஆட்களைக் குறைத்தது. கடைசியில் உள்ளே மிஞ்சியது நானும் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் ரிஷிகேசனும்தான். படலையில் ஒரு காவலாளி. கம்பனி பழைய கம்பியை விட்டுவிட்டு வீடுகளுக்குப் புதுப் பெட்டி கொடுத்தது. அந்தப் பெட்டியில் படம் நன்றாக இருக்கும், ஆனால் நாங்கள் இங்கே போடுவது வீடுகளில் சில வினாடிகள் பிந்தித்தான் தெரியும்.

இந்த வருடத் தொடக்கத்தில் கம்பனி, உள்ளூர் நிகழ்ச்சிகளை நிறுத்தி எல்லாவற்றையும் கொழும்பிலிருந்து ஒளிபரப்ப முடிவெடுத்தது. கட்டடத்தையும் கேட்டது. அதற்கு மஹ்ரூப் நானாவின் கையொப்பம் தேவை. அவர் மறுத்தார். அதற்கு முன்பு அவர் கம்பனிக்காரர் எதைக் கேட்டாலும் பார்க்கலாம் என்று சொல்லும் மனிதர். இதற்கு மட்டும் முடியாது என்று சொன்னார். "மூதூர்ல மௌத்தான ஆள்ர பேரக் கொழும்புல இருக்கிறவன் எப்படி வாசிப்பான்?" என்று எனக்கு முன்னால் கேட்டார். கம்பனியின் ஆள் வாகனத்தில் ஏறிப் போனார்.

அதன் பிறகு ஒரு புதன்கிழமை மத்தியானம், பாட்டு நிகழ்ச்சி போய்க்கொண்டிருந்தபோது கலையகப் போனுக்கு அழைப்பு வந்தது. ஆண் குரல். வாயில் துணி வைத்துக் கதைப்பது போல அடைத்திருந்தது. அழுதுகொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். தான் மஹ்ரூப் ஹாஜியாரின் மருமகன் என்றும், ஹாஜியார் நெஞ்சுவலி வந்து மௌத்தாகிவிட்டார் என்றும், நாலரைக்கு அடக்கம் என்றும் சொன்னார். நான் எழுதினேன். எழுதும்போது நாலரை என்பதை வெட்டிவிட்டு, பின்னேரத்து அஸர் தொழுகையின் பின்னர் என்று திருத்தினேன். இந்தப் பக்கத்து முஸ்லிம் வீடு எதிலும் அடக்கத்துக்கு மணி சொல்லமாட்டார்கள், தொழுகையைத்தான் சொல்வார்கள். பதினொரு வருடத்தில் ஒருவர்கூட மணி சொன்னதில்லை. அந்த இடத்தில் நான் நிறுத்தி, நீங்கள் யார் என்று கேட்டிருக்க வேண்டும். பிழையைக் கண்டதும் திருத்துவது எனக்குக் கைப்பழக்கம். அதனால் கேட்காமல் திருத்தி, அவருடைய பொய்யை நானே ஒழுங்காக்கி வாசித்தேன்.

பாட்டை நிறுத்திவிட்டு வாசித்தேன். வாசித்து முடித்துப் பாட்டைத் திரும்பப் போட மனம் வராமல் இருந்தபோது கைப்போன் அடித்தது. மஹ்ரூப் நானாவின் நம்பர். அவருடைய மகன்தான் எடுக்கிறார் என்று நினைத்து எடுத்தேன். "என்ன பிள்ள, நான் மௌத்தாப் போயிட்டேனாம். என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போட்டிருக்கலாமே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் அழுதேன். உடனே மறுப்பு வாசித்தேன். ஆனால் அதற்குள் அவருடைய வீட்டில் சனம் கூடிவிட்டது. ஜனாஸா சுமக்கும் சந்தூக்கைப் பள்ளிவாசலில் இருந்து கொண்டுவந்து முற்றத்தில் வைத்துவிட்டார்கள். அவருடைய மனைவி மைமூனா ராத்தா அந்த நேரம் ரவுணில் ஒரு துணிக்கடையில் நின்றவர். கடை டீவியில் என் குரலைக் கேட்டுத்தான் அவருக்குத் தெரிந்ததாம். அவர் இன்னும் என்னோடு கதைக்கவில்லை. கதைக்காதது நியாயம்.

மறுநாள் மஹ்ரூப் நானா கலையகத்துக்கு வந்தார். வெள்ளைச் சேர்ட்டும் தொப்பியும் போட்டிருந்தார். தன்னை நேரடியாகக் காட்டச் சொன்னார். செய்தி வாசிக்கும் கதிரையில் இருந்து, தான் உயிரோடு இருப்பதாகவும், யார் என்ன செய்தாலும் கையொப்பம் வைக்கப்போவதில்லை என்றும் சொன்னார். கெமராவை இயக்கியவர் ரிஷிகேசன். முடிந்ததும் மஹ்ரூப் நானா எனக்கு, "பயப்படாதீங்க பிள்ள, ஒருக்கா மௌத்தான ஆளுக்கு இனி என்ன" என்றார். அதன் பிறகு மோட்டார் சைக்கிளில் போனார். வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. அவருடைய மோட்டார் சைக்கிள் உப்புவெளிக் கடற்கரையில் நின்றது. அது அவர் வீட்டுக்குப் போகும் பாதை அல்ல. தலைக்கவசம் சீற்றின்மேல் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. நான் அதை நேரில் பார்த்தேன். மஹ்ரூப் நானா தலைக்கவசத்தை எப்போதும் கைபிடியில்தான் கொழுவுவார்.

அதன் பிறகு அலைமுகத்தின் நிர்வாகப் பொறுப்பு ரிஷிகேசனுக்குக் கொடுக்கப்பட்டது.

இந்த இடத்தில் அறைக் கதவைச் சாத்தும்படி கேட்டேன். சாத்தப்பட்டது. காரணம், ரிஷிகேசன் வெளியே விறாந்தை வாங்கில் இருக்கிறார். என்னைத் தன் மோட்டார் சைக்கிளில் இங்கே கூட்டிவந்தவர் அவர். வரும் வழியில், "அலைமுகம் ஆர்ர கையில இருந்து ஆர்ர கைக்குப் போனது எண்டு மட்டும் சொல்லுங்கோ, லக்சா. மற்றக் கதை ஒண்டும் வேண்டாம். உங்களுக்கும் பிள்ளை இருக்குது" என்று சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். கதவு திறந்திருந்ததால்தான் இவ்வளவு நேரமும் பழைய கதைகளை உரத்துச் சொன்னேன். இனிச் சொல்வதை அவர் கேட்கக்கூடாது.

நேற்று மத்தியானம் விளம்பரம் போய்க்கொண்டிருந்தபோது கலையகப் போன் மறுபடியும் அடித்தது. அதே அடைத்த குரல். ஒரு மரண அறிவித்தல் இருக்கிறது, எழுதுங்கள் என்றது. நான் பேனையை எடுத்தேன். "உப்புவெளியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கியது. நான் எழுதினேன். "கட்டாரில் பணிபுரியும் யுகேந்திரனின் அன்பு மனைவியும்" என்றபோதும் எழுதினேன். கை தானாக எழுதியது. "தேனுகாவின் பாசமிகு தாயும்" என்றபோதுதான் பேனை நின்றது.

அப்போது ஒன்றைக் கவனித்தேன். போனுக்குள் எங்கள் விளம்பரம் கேட்டது. அது புதினமில்லை, நேயர்கள் வீட்டில் டீவியைப் போட்டுவிட்டுத்தான் எடுப்பார்கள். ஆனால் வீட்டிலிருந்து எடுப்பவரின் போனில் எங்கள் சத்தம் எப்போதும் பிந்தித்தான் வரும். புதுப் பெட்டி வந்த நாளிலிருந்து அப்படித்தான். இது பிந்தவில்லை. என் அறையில் கேட்ட அதே சொல், அதே நேரம் போனிலும் கேட்டது. நான் கையை நீட்டி விளம்பரத்தின் சத்தத்தை நிறுத்தினேன். போனிலும் அந்தக் கணமே நின்றது. அப்படியென்றால் அவர் எங்கள் கட்டடத்துக்குள் இருந்துதான் கதைக்கிறார். உடனே சத்தத்தைத் திரும்பக் கூட்டினேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தேன். காவலாளி படலையில் நிற்பது எனக்கு யன்னலால் தெரிந்தது. அவருடைய கையில் போன் இல்லை. கட்டடத்துக்குள் என்னைத் தவிர இருந்தது பக்கத்து அறையில் ரிஷிகேசன் மட்டும்.

குரல் என்னுடைய அறிவித்தலை முடித்தது. எப்போது வாசிக்க வேண்டும் என்று தாங்கள் பிறகு சொல்வதாகவும், அதுவரை வைத்திருக்கும்படியும் சொல்லிவிட்டு வைத்தது. அதன் பிறகு நான் கடற்றொழிலாளருக்கான காலநிலையை வாசித்தேன். குச்சவெளிக்கு அப்பால் காற்று பலமாக இருக்கும் என்று வாசித்தது ஞாபகம். முடிந்ததும் ரிஷிகேசன் இரண்டு கையிலும் தேத்தண்ணிக் கோப்பையுடன் வந்தார். "ஆர் போனில?" என்று கேட்டார். பிழையான நம்பர் என்றேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு எனக்குப் பக்கத்தில் இருந்தார். நான் அந்தத் தேத்தண்ணியைக் குடித்தேன். குடிக்காமல் விட்டால் சந்தேகம் வரும் என்பதற்காகக் குடித்தேன். மஹ்ரூப் நானாவின் அறிவித்தலையும் என்னுடைய அறிவித்தலையும் தந்தது ஒரே குரல், அது ரிஷிகேசனுடையது என்பது என் திடமான கருத்து. மஹ்ரூப் நானாவுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அது ரிஷிகேசனுக்குத் தெரிந்திருக்கும். இதை நீதிமன்றத்திலும் சொல்லத் தயார்.

எனக்குப் பயமாக இருக்கிறது என்பதையும் அப்படியே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்குப் போக வேறு வழி செய்து தரும்படியும் கேட்டேன். அதற்காக உத்தியோகத்தர் கதவைத் திறந்து பார்த்தார். விறாந்தை வாங்கில் ஒருவரும் இல்லை. கதவைச் சாத்திய கொஞ்ச நேரத்திலேயே ரிஷிகேசன் எழுந்து போய்விட்டதாக வாசலில் கடமையில் இருந்த பொலிஸ்காரர் சொன்னார். போகும்போது, எனக்கு இங்கே நேரமாகும் போல இருப்பதால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இருந்து தான் ஏற்றிக்கொண்டு போவதாக என்னிடம் சொல்லச் சொன்னாராம்.

பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும். சுவர் மணிக்கூட்டில் இப்போது ஒன்றே முக்கால். எனக்கு வேலை பிந்தும் நாட்களில் அவர் முன்பும் போய் ஏற்றி வந்திருக்கிறார், பள்ளிக்கூடப் படலையில் நிற்பவர் மறிக்கமாட்டார். தேனுகா அவரை மாமா என்று கூப்பிட்டு ஓடிப்போவாள்.

நான் சொன்னது முழுவதும் உண்மை. இதை வாசித்துக் காட்ட வேண்டாம், வாசிக்காமலே கையொப்பம் வைக்கிறேன், வாகனத்தை எடுங்கள்.

(ஒப்பம்) யு. லக்சாயினி

சாட்சி கேட்டுக்கொண்டபடி வாக்குமூலம் வாசித்துக் காட்டப்படவில்லை. சாட்சி கையொப்பமிடும்போதே எழுந்து நின்றார்.