ரெண்டாவது ஆசீர்வாதம்

சாயங்காலம் ஆறரை. மழை பெஞ்சு ஓஞ்ச ரோடு... ஈ காக்கா இல்ல. அந்த ரோட்டுக் கடைசியிலதான் அந்தக் கிறிஸ்தவ சபை. இது என் சிநேகிதனோட மச்சானுக்கு நடந்தது. மைக்செட்டு போடுறவர். சிரிக்காதீங்கடா... சிரிக்கிறவன் இன்னைக்குத் தனியா வீட்டுக்குப் போய்க்கோ.

முதல்ல அந்தச் சபைக் கதை. ஆரம்பத்துல வெறும் தகரக் கொட்டகை. ஜனம் பெருகவும், கொட்டகையைச் சுத்தியே கல்லுக் கோயில் கட்டினாங்க. ஒரு ஞாயிறுகூட ஆராதனை நிக்கல. கட்டி முடிச்ச முதல் ஞாயிறு... கடைசி ஆசீர்வாதத்துக்கு பாஸ்டர் கையைத் தூக்கினார். அப்படியே சரிஞ்சார். உசுரு போயிருச்சு.

அங்க ஆசீர்வாதம் சொல்லாம ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாங்க. அன்னைக்கு யாருமே சொல்லல. இருட்டுற வரைக்கும் உட்கார்ந்திருந்தாங்களாம். ஆசீர்வாதம் கிடைக்காம போனவங்க, செத்தப்புறமும் அதுக்காக அங்க வந்து உட்கார்றாங்கன்னு ஊர்ல பேச்சு.

அதுலருந்து எந்த பாஸ்டர் வந்தாலும், ஜனம் போனப்புறம் வாசல்ல நின்னு, காலி பெஞ்சுகளைப் பார்த்து இன்னொரு தடவை ஆசீர்வாதம் சொல்லிட்டுத்தான் கதவைச் சாத்துவார். ஏன்னு கேட்டா, "பெரியவங்க வழக்கம்"னு முடிச்சிருவாங்க.

மச்சான் மாட்டின அந்த ஞாயிறுக்கு முந்தின வாரம்தான், பழைய பாஸ்டர் மாற்றலாகிப் போயிருந்தார். மூணு வருஷம் ஆச்சு. அன்னைக்கு நடத்த வந்தவர் வெளியூர்க்காரர். அவருக்கு யாரும் சொல்லல. ஒரே தடவை சொல்லிட்டு பஸ்ஸுக்கு ஓடிட்டார்.

மச்சான் உள்ள தனியா வயர் சுருட்டிக்கிட்டு இருக்கார். போன் அடிச்சுது. மாமியார்.

"மாப்ள, வலி வந்து ஆஸ்பத்திரியில சேர்த்துட்டோம்... புள்ள எறங்காம நிக்குதாம். ஓடி வாங்க!"

ஓடிப்போய்க் கதவை இழுத்தார். வரல. தாழ்ப்பாள் திறந்துதான் கிடக்கு. பக்கக் கதவு... அதுவும் வரல. அப்பதான் ஒரு வாசனை. ஈரத்துணி... அணைச்ச மெழுகுவர்த்தித் திரி. பின்னாடி கிரீச்... கிரீச்... திரும்பினார். ஒருத்தரும் இல்ல. கடைசி பெஞ்சுல கிடந்த பாட்டுப் புஸ்தகங்க ஒண்ணொண்ணா ஓரத்துக்கு நகருது. உட்கார்ந்திருக்கிறவங்க ஒதுங்கி இவருக்கு இடம் விடுற மாதிரி.

மறுபடி போன். "ரெண்டு உசுரும் இழுத்துக்கிட்டுக் கிடக்கு மாப்ள..."

அந்தச் சபையில பொறந்து வளர்ந்தவர். வழக்கம் தெரியும். மேடையில ஏறி, கையைத் தூக்கி, ஆசீர்வாதத்தை முழுசா சொன்னார்.

மைக் பெட்டிக்குள்ள கிடக்கு. ஸ்பீக்கர்ல வயரே இல்ல. அதுல ஒரு கூட்டமே சொல்லுச்சு... "ஆமென்."

கதவு தானா திறந்துச்சு. அதே நேரம் ஆஸ்பத்திரியில பையன் பொறந்தான்.

நல்லதுதானேங்கிறீங்களா? புது பாஸ்டர் வந்து ரெண்டாவது ஆசீர்வாதம் சொன்னார். கதவைச் சாத்தப் போனா அசையல. மச்சான் வந்து வாயைத் திறந்தாத்தான் அசையுது. ஒவ்வொரு ஞாயிறும். வெளிநாட்டு வேலை கைக்கு வந்தும் விட்டுட்டார். "வசமா மாட்டிக்கிட்டேன்டா"ன்னு என் சிநேகிதன்கிட்ட அழுதிருக்கார்.

போன மாசம் நெருப்பாக் காய்ச்சல். ஒரு ஞாயிறு போக முடியல. பொழுது சாயுற நேரம்... மூணு வயசுப் பையன், விளையாடிக்கிட்டு இருந்தவன், போய் சோபாவுல நேரா உட்கார்ந்தான். கையைக் கட்டிக்கிட்டான். கூப்பிட்டா திரும்பல. அம்மாக்காரி தூக்கிப் பார்த்தா... வரல. கல்லாட்டம் இருக்கான்.

மச்சான் தட்டுத்தடுமாறி எந்திரிச்சு கையைத் தூக்கினார். வாய்ல வார்த்தை வரல.

பையன் நடுவுல உட்காரல... ஓரமா ஒதுங்கி, பக்கத்துல இடம் விட்டு உட்கார்ந்திருந்தான். அந்தக் காலி இடத்துல மெத்தை... மெதுவா அமுங்குச்சு.