நாலு மெஷினைத் தூக்கிப் பார்த்தவள்

அடையாறிலிருந்து மயிலாப்பூர் போகும் பேருந்தில், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் இருவர் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் திடீரென்று சொன்னாள்:

"நேத்து தி.நகர் கடையில நாலு மெஷினைத் தூக்கித் தூக்கிப் பாத்தேன்க்கா. ஜிம்முக்குப் போனவ மாதிரி."

"இன்னாடி சொல்ற?"

"வேக்கம் கிளீனர்க்கா. நின்னுக்கினே தள்றது. நான் வேலை செய்யற வூட்டு டீச்சரம்மா புச்சா ஒண்ணு வாங்கப் போறப்ப என்னையும் இட்டுக்கினு போனாங்க."

"உன்னை எதுக்கு?"

"நானும் அதான் நெனச்சேன். மெஷின் வந்தா நம்ம வேலை பூடுமேன்னு பயந்துக்கினேதான் போனேன். கடைக்காரரு அம்மாகிட்டயே வெளக்கிக்கினு இருந்தாரு. அம்மா உடனே, 'கையில பிடிக்கப்போறது இவதான், இவகிட்ட சொல்லுங்க'ன்னுட்டாங்க."

பெரியவள் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அப்பால?"

"ஒண்ணு நல்லா இழுக்குது, ஆனா கனம். ஒண்ணு லேசு, தூசி டப்பா சின்னது. இன்னொண்ணு கட்டிலுக்கு அடியில போவல. கடைசி ஒண்ணை ஒத்தைக் கையால தூக்கிட்டேன். குனியாமலே கட்டிலுக்கு அடியிலயும் போச்சு. என் இடுப்பு வலி அம்மாவுக்குத் தெரியும்ல? 'இதுவா?'ன்னு கேட்டாங்க. தலையாட்டினேன். அதையே வாங்கிட்டாங்க."

"உன் வேலை?"

"'நீ இல்லாம இதை யாரு தள்ளுவா?'ன்னு சிரிச்சாங்க."

"நல்லாருக்கட்டும் அந்தம்மா."

இளையவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பதினஞ்சு வருசமா வீட்டு வேலை செய்யறேன். ஒரு தொடப்பம் கூட யாரும் என்னைக் கேட்டு வாங்கினதில்லக்கா."