இன்னைக்கு உக்காந்தியாடா?

ஸ்டூலு: ஓட்டல் ரூமை வெளிய பூட்டினா என்னண்ணே அர்த்தம்? நான் எம்.எல்.ஏ.வா, திருடனா?

கொறடா: மெதுவாப் பேசு. பக்கத்து ரூம்ல நம்ம எம்.எல்.ஏ.ங்க சீட்டாடிட்டு இருக்காங்க. நீ கத்தினா அவங்களுக்கும் வீட்டு ஞாபகம் வந்துடும்.

ஸ்டூலு: ஒரு எட்டு போய் அம்மாவைப் பாத்துட்டு வந்துடறேன்...

கொறடா: நேத்தும் இதையேதான் சொன்ன.

ஸ்டூலு: நேத்து ஆஸ்பத்திரியில மூச்சுக்குத் திணறிட்டு இருந்தாங்க. இன்னைக்கு எப்படி இருக்காங்களோ... போனை எல்லாம் பிடுங்கி வச்சுட்டீங்க. எனக்கு ஏதாச்சும் போன் வந்துச்சா?

கொறடா: ...வரலை.

ஸ்டூலு: அக்கா கூடவா?

கொறடா: வரலைன்னா வரலை. டீ சொல்லட்டுமா?

ஸ்டூலு: பேச்சை மாத்தாதீங்கண்ணே.

கொறடா: இதோ பாரு. கொறடான்னு என்னைப் போட்டதே உங்களை எல்லாம் மேய்க்கத்தான். நாளைக்குக் காலையில நம்பிக்கை ஓட்டு. நமக்கு ஒரே ஒரு ஓட்டுதான் கூட. வழியில எதிர்க்கட்சிக்காரங்க உன்னைத் தூக்கிட்டா, ஆட்சி காலி.

ஸ்டூலு: என்னை யாரு தூக்குவாங்க?

கொறடா: போன தடவை ஒருத்தன் பல்லு வலின்னு வெளிய போனான். மறுநாள் அந்தப் பக்கம் மந்திரியாகி உக்காந்திருந்தான். அத்தனை பல்லையும் காட்டிட்டு.

ஸ்டூலு: நான் அந்த மாதிரி ஆளா? துணிக்கடையில நின்னு...

கொறடா: ஆரம்பிச்சுட்டியா? உன் ஸ்டூலு கதையை மேடை மேடையாக் கேட்டவன்டா நான்.

ஸ்டூலு: கதையா? கடை திறந்ததுல இருந்து ஷட்டர் இறக்கற வரைக்கும் நின்னுட்டே இருக்கணும். முதலாளி கேமராவுல பாத்துட்டே இருப்பார். கொஞ்சம் சுவத்துல சாஞ்சா சம்பளத்துல பிடிச்சுக்குவார். வீட்டுக்குப் போனா, அம்மா சாப்பிட்டியான்னு கேக்க மாட்டாங்க. 'இன்னைக்கு உக்காந்தியாடா?' அதான் முதல் கேள்வி.

கொறடா: ம்... அப்புறம் காலைப் பிடிச்சு விடுவாங்க.

ஸ்டூலு: நரம்பெல்லாம் சுருட்டிக்கிட்டு நிக்கும். அதைத் தடவிப் பாத்து அழுவாங்க. அந்த ஆத்திரத்துலதான் கடை வாசல்ல ஆளுக்கொரு ஸ்டூலைப் போட்டு உக்காந்தோம். வேலை போச்சு. பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு.

கொறடா: அந்தப் பேருக்குத்தான் கட்சியில உனக்கு சீட்டே கொடுத்தாங்க. கொடுத்து என்ன, ரெண்டு தடவை மண்ணைக் கவ்வின.

ஸ்டூலு: மூணாவது தடவை ஜெயிச்சுட்டு மாலையோட அம்மாகிட்ட போறேன். 'சட்டசபையிலயாச்சும் உக்கார விடுவாங்களாடா?'ங்கறாங்க.

கொறடா: நல்லா விட்டோம். கடைசி வரிசை, தூணுக்குப் பின்னாடி!

ஸ்டூலு: சிரிங்க, சிரிங்க. கடையில நிக்கறவங்க உக்கார ஒரு சட்டம் கொண்டு வாங்கன்னு ஒவ்வொரு கூட்டத்துலயும் எழுந்து நின்னேன். 'உக்காருங்க, உக்காருங்க'ன்னு சபாநாயகர் சொன்னதுதான் மிச்சம்.

கொறடா: அதுக்குத்தானே உனக்குத் தொழிலாளர் துறை. நாளைக்கு ஓட்டு, நாளன்னைக்குப் பதவியேற்பு. நீயே மந்திரி. நீயே சட்டம் போடு, யாரு கேக்கறா?

ஸ்டூலு: அது... உறுதிதானேண்ணே?

கொறடா: தலைவர் என் முன்னாடிதான் சொன்னார்.

ஸ்டூலு: பேரெல்லாம் டைப் அடிச்சாச்சா?

கொறடா: ஏண்டா... அம்மாவைப் பாக்கணும்னு இல்ல சொல்லிட்டு இருந்த?

ஸ்டூலு: ஆமா... அதைத்தான் கேக்கறேன். விட மாட்டீங்க?

கொறடா: மாட்டேன்.

ஸ்டூலு: நான் கேட்டேன். நீங்க விடலை.

கொறடா: ஆமாப்பா.

ஸ்டூலு: நாளைப்பின்ன அக்கா கேட்டா இப்படியே சொல்லணும். 'அவன் கதவை உடைக்கப் பாத்தான், நான்தான் விடலை'ன்னு.

கொறடா: எங்க உடைச்ச? தட்டினதோட சரி.

ஸ்டூலு: சொல்லுங்களேண்ணே... உங்களுக்கு என்ன போகுது?

கொறடா: குரல் ஏன் இப்படிக் கம்முது? அழுதியா?

ஸ்டூலு: ஏசி ஒத்துக்கலை.

கொறடா: இங்க பாரு... என்னைப் பாருடா... ச்சே. என்ன பொழப்பு இது!

ஸ்டூலு: என்னாச்சுண்ணே?

கொறடா: எங்கப்பா போனப்போ நானும் இப்படித்தான் ஒரு ஓட்டல்ல அடைஞ்சு கிடந்தேன். அன்னைக்குக் கொறடாவா இருந்தவருக்கு நான் இன்னைக்கும் வணக்கம் வைக்கறதில்லை.

ஸ்டூலு: அவரு வேலையை அவரு பாத்தாரு...

கொறடா: சட்டையைப் போடு.

ஸ்டூலு: எதுக்கு?

கொறடா: சமையல்கட்டு வழியா இறங்கு. பின்வாசல்ல என் காரு நிக்குது. தலைவரை நான் பாத்துக்கறேன்.

ஸ்டூலு: இல்லண்ணே... ஆட்சி...

கொறடா: ஆட்சி கிடக்கு. எந்திரிடா!

ஸ்டூலு: அந்தத் துறை...?

கொறடா: வெளிய போயிட்டு வந்தவனை யாரு நம்புவாங்க? வேற ஒருத்தனுக்குப் போயிடும். போனாப் போகுது, பெத்தவளை விடவா?

ஸ்டூலு: காலையில ஓட்டு முடிஞ்சதும் போறேனே...

கொறடா: டேய், எப்படிடா சொல்வேன்... நான் பொய் சொல்லிட்டேன். உங்க அக்கா காலையிலயே போன் பண்ணுச்சு. அம்மா போயிட்டாங்கடா. கடைசி வரைக்கும் உன்னைத்தான் கேட்டாங்களாம். நீ வந்தாத்தான் எடுப்போம்னு வச்சிருக்காங்க. ஓடுடா... ஏண்டா இன்னும் உக்காந்திருக்க?

ஸ்டூலு: ...தெரியும்ணே. ரூம் கூட்ட வந்தவங்க போன்ல அக்காகிட்ட அப்பவே பேசிட்டேன். வெளிய பூட்டி வச்சிருக்காங்க, ஓட்டு முடிஞ்சாத்தான் வர முடியும்னு சொல்லிட்டேன்... கதவு திறந்திருந்துச்சுன்னு தெரிஞ்சா அவ மூஞ்சியில நான் எப்படிண்ணே முழிப்பேன்? பூட்டிட்டுப் போங்க.